கிளாக்கோமா வந்த முன்னாள் சிப்பாய்: ரெயூனியனில் எந்த உதவியை முதலில் கேட்பது?

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் குடியிருக்கும் புதுச்சேரி, காரைக்கால் சொல்தா குடும்பங்களில், ஒருவருக்குக் கிளாக்கோமா என்று கண் மருத்துவர் சொன்னதும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "பட்டாளத்தில் இத்தனை வருஷம் உழைச்சவருக்கு ராணுவம்தானே கொடுக்கணும்" என்பார் ஒருவர். "இது வயசானா வர்ற நோய், ராணுவத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்பார் இன்னொருவர். முதல் பேச்சை நம்பினால் அமைச்சகத்துக்கு மட்டும் எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடப்போம். இரண்டாவதை நம்பினால் கிடைக்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவோம். பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவதைத்தான். அதனால்தான் இங்கே இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பாதுகாப்பு அமைச்சகம் கொடுப்பது ராணுவ ஊனப் பென்சன். பிரெஞ்சில் சுருக்கமாகப் பே.எம்.இ. என்பார்கள். ஆ.ஆ.ஆஷ் என்கிற மாற்றுத்திறனாளர் உதவித்தொகைக்கும், பே.ஸே.ஆஷ் என்கிற ஊன ஈட்டுத் தொகைக்கும், மாற்றுத்திறனாளர் விஷயங்களைப் பார்க்கும் எம்.தே.பே.ஆஷ் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பட்டாளத்தை விட்ட பிறகு தனியார் வேலை பார்த்தவருக்குச் சமூகக் காப்பீட்டின் ஊனப் பென்சன் உண்டு. வயதானவர்களுக்கு இரண்டு: வீட்டு உதவிக்கு ஆபா, வருமானம் குறைந்தவருக்கு ஆஸ்பா. பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. ராணுவப் பென்சன் "இது எதனால் வந்தது" என்று கேட்கிறது. மற்ற எல்லாம் "இப்போது எவ்வளவு தெரிகிறது, வருமானம் என்ன, வயது என்ன" என்று கேட்கின்றன. இந்த வித்தியாசம் மனசில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த வகைக் கிளாக்கோமா?

விண்ணப்பத்துக்குப் போகும் முன் நோயைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு சிறுகச் சிறுகச் சாவதுதான் கிளாக்கோமா. பெரும்பாலானவர்களுக்குக் கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடுவதால் வருகிறது. வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்பார்கள். அதற்குள் இருந்தே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. சாதாரணமாகக் காணும் வகையில் வலி இருக்காது, சிவப்பு இருக்காது. முதலில் போவது ஓரப்பார்வை. எதிரே இருக்கும் எழுத்து நன்றாகத் தெரியும், செய்தித்தாள் படிப்பார், ஆனால் கோவில் வாசற்படியில் கால் இடறும், சந்தையில் பக்கவாட்டில் வருகிறவர் மேல் மோதுவார். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து, லேசர், அறுவை எல்லாம் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதற்கே.

பென்சன் விஷயத்தில் தலையெழுத்தைத் தீர்மானிப்பது, இது எந்த வகை என்பதுதான். வயதாலும் குடும்பவழியாலும் வருகிற வகை ஒன்று. அதுதான் அதிகம். அடிபட்டதால் வருவது இன்னொன்று. கண்ணில் பலமாக ஒரு குத்து, வாகன விபத்து, வெடிப்பில் வந்த அதிர்ச்சி, குத்துச்சண்டைப் பயிற்சி, இப்படி ஏதாவது நடந்திருந்தால் கண்ணுக்குள் நீர் வடியும் மூலை கிழிந்திருக்கலாம். அப்போது இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றி, கண் சரியாகிவிட்டது என்று வேலைக்குத் திரும்பியிருப்பார். அழுத்தம் ஏறுவது பல வருடம் கழித்து, சிலருக்கு இருபது முப்பது வருடம் கழித்து. ஒரு கண் மட்டும் கெட்டு மற்றது நன்றாக இருந்தால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். கோனியோஸ்கோபி என்கிற சோதனையில் மருத்துவர் அந்த மூலையை நேராகப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் கேட்டால்தான் சொல்வார், கேட்டால்தான் எழுதுவார்.

மூன்றாவது வகை கார்ட்டிசோனால் வருவது. ஆஸ்துமாவுக்கோ, மூட்டு வாதத்துக்கோ, கண் அழற்சிக்கோ நீண்ட நாள் கார்ட்டிசோன் எடுத்தவர்களில் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். அந்த மூல நோயே ராணுவப் பணியால் வந்ததென்று ஏற்கப்பட்டிருந்தால், கிளாக்கோமாவை அதன் விளைவாகக் காட்ட வழி இருக்கிறது.

ராணுவ ஊனப் பென்சன்

1919ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதிச் சட்டத்திலிருந்து வருகிற உரிமை இது. முதல் உலகப் போரில் உடல் சிதைந்து வந்தவர்களுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தில் பிறந்தது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை: இது உதவி அல்ல, ஈடு. அதனால் வருமானம் பார்ப்பதில்லை, மனைவியின் சம்பளம் பார்ப்பதில்லை. ராணுவ ஓய்வூதியம் வாங்குகிறவரும் வாங்கலாம், வேறு வேலை பார்க்கிறவரும் வாங்கலாம். வருமான வரி கிடையாது.

வாசல் மட்டும் இரண்டு விதம். காயத்தின் விளைவு என்றால் ஊன விகிதம் 10 சதவீதம் இருந்தால் போதும். நோய் என்றால் குறைந்தது 30 சதவீதம் வேண்டும். பல நோய்கள் சேர்ந்திருந்தால் 40. இங்கேதான் ஒரே கிளாக்கோமா இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடிகிறது. சொட்டு மருந்தில் கட்டுக்குள் இருக்கிற, ஓரத்தில் கொஞ்சம் பார்வை போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். அது பணியில் பட்ட அடியால் வந்தது என்று கோப்பில் இருந்தால் அவருக்கு வாசல் திறக்கலாம். வெறும் நோய் என்று இருந்தால் 30ஐ எட்டாமல் மனு தள்ளுபடியாகும். அதுவும் அந்த நோய் பணியால் வந்தது அல்லது மோசமானது என்று அவரே நிரூபித்த பிறகு பேச வேண்டிய கதை. குடும்பவழி கிளாக்கோமாவுக்கு அப்படி நிரூபிப்பது மிகக் கடினம் என்றுதான் நான் சொல்வேன். பொய்யான நம்பிக்கை கொடுத்து ஒருவரை வருஷக்கணக்கில் காக்க வைப்பது பாவம்.

அடிபட்டவருக்கோ நான் நேர்மாறாகச் சொல்வேன்: எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் எழுதுங்கள். இந்த மனுவுக்குக் கடைசித் தேதி கிடையாது. ஆனால் பணம் ஓடத் தொடங்குவது மனு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து, அடிபட்ட தேதியிலிருந்து அல்ல. அதனால் எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று ஒரு வருடம் தள்ளிப் போட்டால் அந்த ஒரு வருடப் பணம் போனதுதான். முதலில் மனு, அப்புறம் காகிதம்.

காகிதங்களில் மிக முக்கியமானது அந்த நாளில் எழுதப்பட்ட சம்பவ அறிக்கை, அல்லது முகாம் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு வரி. கையில் இல்லாவிட்டால் அது அழிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். ராணுவ மருத்துவமனைக் கோப்புகள் லிமோஜ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பணிக் கோப்புகள் போ என்ற நகரில். இரண்டுக்கும் கடிதம் எழுதிக் கேட்கலாம். நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பட்டாளத்தில் சேர்ந்தபோது எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்காக நாந்த் நகரிலுள்ள பிறப்புப் பதிவில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பதும் இடம் மாறியிருக்கும். கேட்கும் கடிதத்தில் இரண்டு விதமாகவும் பெயரை எழுதி, பணி எண்ணையும் சேர்த்துவிட்டால் "இப்படி ஒருவர் இல்லை" என்ற பதில் வருவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பென்சன் ஏற்கப்பட்டால் முதலில் மூன்று வருடத்துக்குத் தருவார்கள். காயம் என்றால் அதற்குப் பிறகு நிரந்தரமாகும். நோய் என்றால் மூன்று மூன்று வருடமாக ஒன்பது வருடம் வரை பார்த்துத்தான் நிரந்தரம். தொகை ஊன விகிதத்தையும் பதவியையும் பொறுத்தது. 10, 15 சதவீதத்துக்குக் கிடைப்பது சிறிய தொகைதான், இதற்கா இத்தனை அலைச்சல் என்று தோன்றும். ஆனால் கிளாக்கோமா நின்ற இடத்தில் நிற்கிற நோய் அல்ல. ஒருமுறை பணியோடு தொடர்பு ஏற்கப்பட்டுவிட்டால், பின்னால் பார்வை மோசமாகும்போது விகிதத்தை உயர்த்தக் கேட்கலாம்; குறைந்தது 10 புள்ளி கூடியிருக்க வேண்டும். அந்த ஊனத்துக்கான மருத்துவச் செலவை துலோனிலுள்ள ராணுவச் சமூகக் காப்பீட்டு நிதியம் ஏற்கும். சொட்டு மருந்து ஆயுளுக்கும் போட வேண்டிய நோயில் இது சின்ன விஷயமல்ல. 40 சதவீதம் எட்டினால் வருமான வரிக் கணக்கில் குடும்பப் பங்கு அரை கூடும், அதனால் வரி குறையும்.

குடும்பங்கள் யாரும் கேட்காத ஒன்றும் இருக்கிறது. இறக்கும்போது கணவருக்கு 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் பென்சன் இருந்தால், மனைவிக்கும் பென்சன் உரிமை வரும். எம்.தே.பே.ஆஷ் வழி வரும் எந்தத் தொகையும் அப்படித் தொடராது, ஆளோடு நின்றுவிடும். தனக்கென்று ஓய்வூதியம் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்கள் நிறைந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எம்.தே.பே.ஆஷ் வழி

காரணம் எதுவானாலும், பட்டாளத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊனம் ஊனம்தான் என்று பார்க்கிற வழி இது. குடும்பவழி கிளாக்கோமா வந்தவர் நேராக இங்கேதான் வர வேண்டும்.

ஆ.ஆ.ஆஷ் 2025 ஏப்ரலில் அதிகபட்சம் மாதம் 1,033.32 யூரோ. ஊன விகிதம் 80 சதவீதம் இருக்க வேண்டும். அல்லது 50 முதல் 79க்குள் இருந்து, வேலை தேட முடியாத அளவுக்கு நீண்டகாலத் தடை இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தைச் சேர்ப்பதில்லை. அதற்கு முன் "உங்கள் மனைவி சம்பாதிக்கிறார்" என்று மறுக்கப்பட்டவர்கள் மறுபடியும் கேட்க வேண்டும்.

முன்னாள் ராணுவத்தினருக்கு இதில் ஒரு தடை உண்டு. நீண்ட காலம் பணியாற்றி ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு அந்த ஓய்வூதியம் வருமானக் கணக்கில் வரும். ஆ.ஆ.ஆஷ் மற்ற பென்சன்கள் போக மீதிப் பள்ளத்தை நிரப்பும் தொகை, மற்றவற்றின் மேல் ஏறி நிற்கும் தொகை அல்ல. எனவே நல்ல ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் சார்ஜெண்டுக்கு இதில் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. நாலைந்து வருட ஒப்பந்தத்தில் பட்டாளத்தில் இருந்து, ஓய்வூதிய உரிமை சேராமல் வெளியே வந்து, நாற்பது ஐம்பது வயதில் பார்வை போகத் தொடங்கிய ஆளுக்குத்தான் இது உயிர்நாடி. அவர்தான் தன்னை முன்னாள் ராணுவத்தினர் என்றே நினைக்காமல் இருப்பார்.

பார்வையை எப்படி அளக்கிறார்கள் என்பது அடுத்தது. கண்ணாடி போட்டபின் இரண்டு கண்ணும் சேர்ந்து என்ன தெரிகிறது என்று பார்ப்பார்கள். ஒரு கண் முழுக்கப் போய், மற்றது நன்றாக இருந்தால் இந்த அளவுகோலில் 50ஐக் கூடத் தொடாது. ராணுவ அளவுகோல் இழந்த ஒரு கண்ணுக்கு இதைவிட மிக அதிக மதிப்புத் தருகிறது. ஒரு கண் மட்டும் கெட்ட, அடிபட்ட வரலாறு உள்ளவர் இங்கே வந்து தோற்றுவிட்டு "எனக்கு ஒன்றுமே கிடையாதாம்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அவர் போக வேண்டிய இடம் வேறு.

இரண்டு கண்ணும் கெட்டவருக்கு எழுத்து படிக்கும் பார்வையோடு பார்வைப் பரப்பையும் கணக்கில் எடுக்கிறார்கள். பரப்பு மிக விரிந்த திசையிலும் 20 பாகைக்கு மேல் போகவில்லை என்பது, எழுத்துப் பார்வையும் 1/20 அளவுக்கு, அதாவது முழுப் பார்வையில் இருபதில் ஒரு பங்குக்கு, இறங்கியதோடு சேரும்போது, கிட்டத்தட்டப் பார்வையற்ற நிலையாகவே அந்த அளவுகோலில் வருகிறது. ஆனால் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெளிவாகத் தெரிகிறவரின் மருத்துவச் சான்றில் "பார்வை 8/10, சொட்டு மருந்து எடுக்கிறார்" என்று குடும்ப மருத்துவர் ஒரு வரி எழுதி அனுப்பினால் கோப்பைப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? நல்ல கண் என்றுதான் தெரியும். செர்ஃபா 15695 என்ற எண்ணுள்ள அரசு மருத்துவச் சான்றுப் படிவத்தோடு கண் மருத்துவர் நிரப்ப வேண்டிய தனி இணைப்பு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, கண் மருத்துவரிடமே கொடுத்து நிரப்ப வைத்து, ஷான் விஸுவேல் என்கிற பார்வைப் பரப்புச் சோதனையின் படங்களை இணைத்து அனுப்புங்கள். கிளாக்கோமாக் கோப்பின் ஜீவன் அந்தப் படங்களில்தான் இருக்கிறது. பார்வைச் சான்று ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பே.ஸே.ஆஷ் வேறு ஜாதி. அது வருமானத்துக்குப் பதிலாக வருவது அல்ல. ஊனத்தால் ஏற்படும் செலவுக்கு, முக்கியமாக இன்னொரு ஆளின் உதவிக்கு. வருமானம் அதிகம் என்பதற்காக மறுக்க மாட்டார்கள், ஏற்கும் பங்கு மட்டும் மாறும். பார்வையற்றோருக்கு மாதம் 50 மணி நேர உதவிக்குச் சமமான நிலைத்தொகை ஒன்று உண்டு; ஆனால் அதற்கான நிபந்தனை நடுப்பார்வை 1/20க்குக் கீழே இருப்பது. கிளாக்கோமாவிலோ நடுப்பார்வை கடைசியில்தான் போகும். தனியாகச் சாலை கடக்க முடியாத நிலையிலும் அந்த நிலைத்தொகை கிடைக்காமல் போகலாம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்போது கேட்க வேண்டியது தேவையைப் பார்த்து மணி நேரம் கணக்கிடும் சாதாரண பே.ஸே.ஆஷ். வெளியே நடமாடுவது, சூழலில் தன்னை நிலைப்படுத்திக்கொள்வது போன்ற காரியங்களில் ஒன்று அறவே முடியவில்லை அல்லது இரண்டு மிகக் கஷ்டம் என்று காட்ட வேண்டும். மனுப் படிவத்தில் வாழ்க்கைத் திட்டம் என்ற பகுதியில் பொதுவாக எழுதாமல், "இருட்டினால் வாசலுக்கு வர முடியாது, சமையலறையில் கொதிக்கிற பாத்திரத்தின் கைப்பிடி தெரியாது, மேட்டுப் பகுதியில் வீடு, பஸ் நிற்கும் இடத்துக்குத் துணை வேண்டும்" என்று நடப்பதை நடக்கிறபடி எழுதுங்கள். நம் பெரியவர்கள் கேட்டால் "ஏதோ சமாளிக்கிறேன்" என்பார்கள். அது நல்ல பண்பு, படிவத்தில் மட்டும் வேண்டாம்.

இதே மனுவில் நடமாட்ட அட்டையும் கேட்டுவிடலாம். 80 சதவீதம் இருந்தால் ஊன அட்டை, இல்லாவிட்டால், நிற்பது கஷ்டம் என்றால், முன்னுரிமை அட்டை. ராணுவ ஊனப் பென்சன் வாங்குகிறவர் வண்டி நிறுத்தும் அட்டையை முன்னாள் படைவீரர் அலுவலகமான ஒனாக் வழியாகக் கேட்க வேண்டும். வண்டி என்றதும் ஒரு விஷயம்: பிரெஞ்சு ஓட்டுநர் விதியில் சாதாரண காருக்குக் கிடைமட்டப் பார்வைப் பரப்பு 120 பாகை வேண்டும். பஸ் குறைவான ஊரில் காரை விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்தேதான் சொல்கிறேன், பரப்புச் சோதனைக்குப் பிறகு மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

வேலையில் இருக்கும்போதே பார்வை குறைந்தால்

பட்டாளத்துக்குப் பிறகு பாதுகாவலர், கிடங்கு, ஓட்டுநர் என்று தனியார் வேலைக்குப் போனவர்கள் நிறைய. அவர்களுக்கு வேலைத்திறன் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்று காப்பீட்டு மருத்துவர் சொன்னால் ஊனப் பென்சன் வரும். ஓரளவு வேலை செய்ய முடிந்தவருக்கு, சிறந்த பத்து வருடச் சம்பளத்தின் சராசரியில் 30 சதவீதம். வேலை செய்யவே முடியாதவருக்கு 50 சதவீதம். பிறர் துணையும் வேண்டுமென்றால் அதற்கு மேல். சம்பளம் நன்றாக இருந்தவருக்கு இது ஆ.ஆ.ஆஷைவிட மேல். இரண்டையும் பார்த்து எது குறைவோ அதை விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம்: முதலில் இதைக் கேட்டு, தொகை குறைவாக வந்தால் மீதிக்கு ஆ.ஆ.ஆஷ் என்பதுதான் வரிசை.

அறுபது என்ற கோடு

வயதைப் பொறுத்தவரை கறாராக இருக்க வேண்டியது இங்கேதான். பே.ஸே.ஆஷுக்குப் பொதுவாக 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆபா என்ற முதியோர் உதவிதான். பகலில் சில மணி நேரம் வீட்டு உதவிக்கு ஆள் வரும், பார்வையற்றவரின் தேவைக்கு அது பே.ஸே.ஆஷ் அளவுக்கு ஈடாகாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு: 60க்கு முன்பே நிபந்தனைகள் பொருந்தியிருந்தன என்று காட்ட முடிந்தால் பிறகும் கேட்கலாம். முன்பு இதற்கு 75 வயது என்று ஒரு எல்லை இருந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது போய்விட்டது. ஆக, 58 வயதில் எடுத்த ஒரு பரப்புச் சோதனைப் படம் 78 வயதில் காசாக மாறும். எந்தக் கண் பரிசோதனைக் காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவர் ஓய்வு பெற்றால் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஆ.ஆ.ஆஷ் 50 முதல் 79 சதவீதக்காரருக்கு ஓய்வு வயதில் நின்றுவிடும். 80க்கு மேல் உள்ளவருக்கு ஓய்வூதியம் குறைவாக இருந்தால் மீதித் தொகையாகத் தொடரலாம். 65ஐத் தாண்டிய, வருமானம் குறைந்தவருக்கு ஆஸ்பா உண்டு. 2025 ஜனவரியில் தனியாளுக்கு மாதம் 1,034.28 யூரோ வரை. ஆ.ஆ.ஆஷை இறந்த பிறகு யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆஸ்பாவைச் சொத்து ஒரு மதிப்பைத் தாண்டினால் வாரிசுகளின் பங்கிலிருந்து எடுப்பார்கள். வீடு ஒன்றைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். போர்வீரர் அட்டை உள்ளவருக்கு 65இல் வருகிற சிறு தொகை இதற்கெல்லாம் சம்பந்தமில்லாதது. அது கண்ணைப் பார்த்து வருவதல்ல, அதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஊருக்குப் போய் இருப்பவர்களுக்கு

ஓய்வுக்குப் பிறகு வருடத்தில் பாதியைக் காரைக்காலிலோ புதுச்சேரியிலோ கழிக்க நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். தங்கை வீட்டில் இருந்தால் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும், கண் மருத்துவமும் பக்கத்தில். நியாயமான ஆசைதான். ராணுவ ஊனப் பென்சன் உங்களோடு எங்கேயும் வரும். ஆ.ஆ.ஆஷ் அப்படியல்ல: ஒரு வருடத்தில் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், அதற்கு மேல் இங்கே முழுதாக இருந்த மாதங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆஸ்பாவுக்கு 2023 செப்டம்பர் முதல் வருடத்தில் ஒன்பது மாதம் பிரெஞ்சு மண்ணில் இருக்க வேண்டும். விமானச் சீட்டு எடுத்தபின் இது தெரியவந்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுகிற நிலை வர வேண்டாம்.

இனி, யார் எதை முதலில் கேட்பது என்று என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பணியில் கண்ணில் அடிபட்ட நினைவு ஒன்று இருந்தால், அது எவ்வளவு பழசானாலும், ராணுவ ஊனப் பென்சன் மனு இந்த வாரமே போகட்டும். ஒனாக் அலுவலகத்தில் அதற்கு உதவி செய்வார்கள். அடிபட்டதில்லை, 60 ஆகவில்லை என்றால் எம்.தே.பே.ஆஷ் முதலில், வேலையில் இருப்பவர் கூடவே சமூகக் காப்பீட்டு மருத்துவரையும் பார்க்க வேண்டும். அடிபட்டவர் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போடலாம், ஒன்றின் பதிலுக்காக மற்றதை நிறுத்தி வைக்க அவசியமில்லை; எம்.தே.பே.ஆஷ் மனுவில் ராணுவப் பென்சன் கேட்டிருப்பதை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். 60ஐத் தாண்டியவர் பழைய கண் கோப்பைத் தேடி எடுத்துவிட்டு அப்புறம் ஆபாவா, பே.ஸே.ஆஷா என்று முடிவு செய்யட்டும்.

முதல் பதில் மறுப்பாக வந்தால் அதோடு விட வேண்டாம். எம்.தே.பே.ஆஷ் நான்கு மாதத்தில் பதில் சொல்லாவிட்டால் அதுவே மறுப்பு என்று பொருள். மறுப்பிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அங்கேயே மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும், அதன் பிறகுதான் நீதிமன்றம். ராணுவப் பென்சன் மறுக்கப்பட்டால் முதலில் ஊனப் பென்சன் முறையீட்டு ஆணையம், அப்புறம் நிர்வாக நீதிமன்றம். எத்தனை நாளுக்குள் என்பது மறுப்புக் கடிதத்தின் அடியிலேயே இருக்கும். முறையீட்டில் பழைய காகிதங்களையே மறுபடி அனுப்பாமல், கண் மருத்துவரிடம் போய் ஒரு கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்கிச் சேருங்கள்: இந்தக் கண்ணின் நிலைக்கும் அந்த அடிக்கும் தொடர்பு உண்டா, எதை வைத்துச் சொல்கிறார்?